முழங்கால் தண்ணீர்: நொய்யல் குளங்களில் ஐந்து நாள்

முதல் நாள், ஜனவரி 22, 2025, புதன்
உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம்

நேற்று மதியம் மதுரையில் பஸ் ஏறி, விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சிங்காநல்லூரில் இறங்கினேன். அக்கா வீடு கோவை ராமநாதபுரத்தில். "பொங்கலுக்கே வந்திருக்கலாமேடி" என்று அக்காவுக்கு மனக்குறை. பொங்கல் நாட்களில் எனக்கு ஊரில் வேலை இருந்தது. 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கலையொட்டிக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளையெல்லாம் எண்ணி, ஈபேர்ட் செயலியில் பட்டியலாக ஏற்ற வேண்டும். வண்டியூர்க் கண்மாய்க் கரையில் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கோவைக்கு வரக் காரணம் நொய்யல். வெள்ளியங்கிரி மலையடிவாரத்து ஓடைகள் சேர்ந்து ஆறாகி, கோவை, திருப்பூர் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. சுமார் 180 கிலோமீட்டர் நீளம். ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு அல்ல. மழைக்காலத்தில் வருகிற வெள்ளத்தைப் பிடித்து வைப்பதற்காக முன்னோர் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டுகள் கட்டி, வாய்க்கால் வெட்டி, வரிசையாகக் குளங்கள் அமைத்தார்கள். ஒரு குளம் நிறைந்தால் உபரி அடுத்த குளத்துக்குப் போகும். எங்கள் பக்கம் கண்மாய், இங்கே குளம். பெயர்தான் வேறு, ஏற்பாடு ஒன்றுதான். ஊர் வளர்ந்து வளர்ந்து குளங்களைச் சூழ்ந்துவிட்டது. இன்று நகரத்தின் நடுவே நின்றுகொண்டு சைபீரியாவிலிருந்து வந்த பறவையைப் பார்க்க முடிவது அந்தப் பழைய ஏற்பாட்டால்தான்.

காலை ஆறேகாலுக்கே பெரியகுளத்துக் கரையில் இருந்தோம். அக்கா மகளும் வந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், வீட்டில் இன்னமும் பாப்பாதான். காலைக் குளிர்காற்று காதைக் குத்தியது. துப்பட்டாவைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பைனாகுலரை எடுத்தேன்.

300 ஏக்கருக்கும் மேல் விரிந்த குளம். கரையில் நடைபாதை, கைப்பிடிக் கம்பி, விளக்குகள். நூற்றுக்கணக்கானவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரில் கூழைக்கடா 14, நீர்க்காகம் எண்ணி முடிக்க முடியாத அளவு, முக்குளிப்பான் 9. தலைக்கு மேல் மீசை ஆலாக்கள். இந்த ஆலாவுக்குக் கோடையில் தலை முழுக்கக் கறுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் அது வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் மை தீற்றியது போல ஒரு கறை மட்டும் மிஞ்சும். பாப்பாவிடம் அதைக் காட்டினேன். அவளுக்குக் கூழைக்கடாதான் பிடித்திருந்தது. தண்ணீரில் மிதந்தபடியே பையை விரித்து மீனை அள்ளும், பிறகு கழுத்தை மார்போடு சேர்த்துத் தண்ணீரை வடியவிட்டு விழுங்கும். அவள் அதை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. கரைச் சேற்றில் இரை தேடும் உள்ளான் ஒன்றைக்கூடக் காணவில்லை. நடைபாதையை ஒட்டிய கரை முழுவதும் கல் பதித்துச் சரிவாக இறங்குகிறது. கல்லை விட்டு இறங்கினால் உடனே ஆழம். அங்கே நின்றவை இரண்டு சின்னக் கொக்கும் ஒரு மடையானும் மட்டுமே, அவையும் கல்மேல்தான்.

வாய்க்கால் வந்து சேரும் பக்கமாக நடந்தோம். ஆறு கொண்டுவந்த வண்டல் அங்கே படிந்து மேடாகியிருக்கிறது. படமே மாறிவிட்டது. நெடுங்கால் உள்ளான் 22, பொரி உள்ளான் 6, சேற்றின் விளிம்பில் பட்டாணி உப்புக்கொத்தி 4, கொஞ்சம் உள்ளே நீலச்சிறகி வாத்துகள் 40க்குக் குறையாமல். ஒரே குளம்தான். இரண்டு இடத்துக்கும் நடுவே பத்து நிமிட நடை.

அங்கேயே உட்கார்ந்து நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். பறவையின் பெயர், எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றோடு நான்காவதாகத் 'தண்ணீர்' என்று எழுதினேன். ஒவ்வொரு பறவையும் எவ்வளவு தண்ணீரில் நிற்கிறது என்று இந்த ஐந்து நாளும் குறிப்பதாக முடிவு. உப்புக்கொத்தி: ஈரச் சேறு. பொரி உள்ளான்: கணுக்கால். நெடுங்கால் உள்ளான்: ஒரு சாண்.

மாலையில் வாலாங்குளம். பெரியகுளத்து உபரி வந்து சேரும் குளம் இது. போத்தனூர் ரயில் பாதை ஒரு பக்கம், சுங்கம் சாலை ஒரு பக்கம். படகுகள் போகாத மூலையில் நாமக்கோழிகள் கூடியிருந்தன. கறுத்த உடலில் நெற்றி மட்டும் வெள்ளை, நாமம் இட்டது போல. ரயில் போனபோது ஒன்றுகூட அசையவில்லை. ஒரு தெருநாய் கரையிலிருந்து தண்ணீரில் கால் வைத்ததும் அத்தனையும் தண்ணீர்மேல் தடதடவென ஓடி எழுந்தன. ரயிலுக்குப் பழகிவிட்டன, நாய்க்குப் பழகவில்லை.

இரண்டாம் நாள், ஜனவரி 23, வியாழன்
பேரூர், கிருஷ்ணாம்பதி

பாப்பாவுக்குக் கல்லூரி. நான் தனியாகப் போனேன்.

பேரூரில் பட்டீசுவரரைக் கும்பிட்டுவிட்டு ஆற்றுப் படித்துறைக்கு இறங்கினேன். மழைக்காலத் தண்ணீர் வடிந்து நடுவில் மெல்லிய ஓட்டம். குப்பையும் நாற்றமும் இருந்தன, மறைப்பதற்கில்லை. ஆனால் கற்களுக்கு நடுவே ஒரு சாம்பல் வாலாட்டி நடந்துகொண்டிருந்தது. வயிற்றின் அடிப்பக்கம் எலுமிச்சை மஞ்சள், வால் ஒரு கணமும் நிற்காது. மலையோடைப் பறவை அது. இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் ஓடைக்கரையில் கூடு கட்டுகிறது. குளிர்காலத்தில் நமக்கு வந்து சேரும் பறவைகளில் முந்தி வருபவற்றுள் ஒன்று. ஆடி ஆவணியிலேயே மலைப்பக்கம் தென்படத் தொடங்கிவிடும். ஓடுகிற தண்ணீர் வேண்டும் அதற்கு. நோட்டில் 'ஓட்டம், விரற்கடை ஆழம்' என்று குறித்தேன்.

படித்துறைக்குக் கீழே ஒரு மணல் திட்டில் கொசு உள்ளான்கள் இருந்தன. சிட்டுக்குருவி அளவு, 25 கிராம் இருந்தால் அதிகம். வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாச் சமவெளியில் பிறந்து இவ்வளவு தூரம் வந்தவை. சுமார் 30 இருக்கும். படம் எடுக்க ஆசைப்பட்டு மெல்ல மெல்ல நகர்ந்தேன். பத்தடி கூடுதலாகப் போய்விட்டேன் போல. எங்கிருந்தோ ஒரு ஆள்காட்டி கத்தியது. பெயருக்கேற்ற பறவை, ஆள் வருவதை ஊருக்கே அறிவித்துவிடும். உடனே அத்தனை கொசு உள்ளான்களும் எழுந்து, இரண்டு முறை வட்டமடித்து, ஆற்றின் வளைவுக்கு அப்பால் போய்விட்டன.

அரைமணி நேரம் காத்திருந்தேன், திரும்பவில்லை. மனசு கஷ்டமாக இருந்தது. இந்த இரண்டு மூன்று மாதத்தில் தின்று சேர்க்கிற கொழுப்புதான் ஏப்ரலில் திரும்பிப் பறக்க அவற்றுக்கு எரிபொருள். ஒவ்வொரு முறை நாம் எழுப்பிவிடும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது, மேய வேண்டிய நேரமும் போகிறது. படம் வேண்டுமென்றால் முன்கூட்டியே போய் உட்கார்ந்து, அவை தாமாக நம் பக்கம் வரும்வரை அசையாமல் இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. இருபது அடிக்கு முன்பே நின்றிருக்க வேண்டும்.

கிருஷ்ணாம்பதிக்குப் போகும்போது மணி நான்கு. சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் நிரப்புகிற குளங்களில் ஒன்று. கரையில் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கிறது. புதருக்குள்ளிருந்து 'டக், டக்' என்று நாக்கைச் சொடுக்குவது போல ஒரு சத்தம். நாணல் கதிர்க்குருவி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரைக்கும் கோடையில் இருந்துவிட்டு, குளிருக்கு நம் ஊர் வேலியோரப் புதர்களுக்கு வந்துவிடுகிறது. அழுக்குப் பழுப்பு நிறம், அடையாளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. குரலை மட்டும் கேட்டுவிட்டு 1 என்று எழுதினேன். இன்று நான் முகம் பார்க்காமல் பட்டியலில் சேர்த்த ஒரே பறவை.

மூன்றாம் நாள், ஜனவரி 24, வெள்ளி
சிங்காநல்லூர்க் குளம்

இந்த ஒரு குளத்துக்காகவே முழு நாளையும் வைத்திருந்தேன். திருச்சி சாலையின் இரைச்சலை விட்டுக் கரைமேல் ஏறியதும் ஊர் பின்னால் போய்விடுகிறது. ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, ஒரு பக்கம் திறந்த நீர், நடுவே சம்புக் கோரை. கரையெல்லாம் மரம். நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட குளம் இது. மேற்கே வந்த சாக்கடையும் இதில்தான் சேர்கிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். இரண்டும் உண்மை. அழுக்குத் தண்ணீர் என்று நாம் முகம் சுளிக்கிற இடத்தில் புழுவும் நத்தையும் பெருகுகின்றன, அவற்றைத் தேடிப் பறவை வருகிறது. அதனால் சாக்கடை நல்லது என்று ஆகிவிடாது. பாதரசமோ சாயமோ கலந்தால் அதே நத்தை வழியாக அந்தப் பறவையின் உடம்புக்குத்தான் போகும்.

விடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து வந்தது. ஆகாயத்தாமரைக்கு மேலே தாழ்வாக, இறக்கையை 'V' போல லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு மிதந்தது. பெண் பறவை, உச்சந்தலை வெண்ணெய் நிறம். அது போகிற வழியெல்லாம் நாமக்கோழிகள் நெருங்கி ஒன்றாகத் திரண்டன. கூட்டத்திலிருந்து விலகியதைத்தான் அது எடுக்கும். இருபது நிமிடம் மூன்று முறை சுற்றிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் ஒரு பட்டுப்போன மரத்தில் போய் உட்கார்ந்தது.

அப்புறம் பரிசல்கள் கரைக்கு வந்தன. வலையில் பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், வலையை உதறிக்கொண்டே என் பைனாகுலரைப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, போட்டோ புடிக்க வந்தீங்களா?"

"இல்லைங்கய்யா, பறவை எண்ண வந்திருக்கேன். மதுரைங்க."

"மதுரையில இருந்தா! எண்ணி என்ன பண்ணுவீங்க?"

வருஷா வருஷம் எவ்வளவு வருது, கூடுதா குறையுதா என்று தெரிந்துகொள்ள என்றேன். நோட்டை வாங்கிப் பார்த்தார். தண்ணீர்க் கட்டத்தைக் காட்டி என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அதேதானுங்க. குருவியத் தேடப்படாது, தண்ணியத்தான் பாக்கோணும். கார்த்திகையில கொளம் ரொம்பி நிக்குமுங்க. அப்ப நீர்க்காக்காயும் கூழைக்கடாவும் மட்டுந்தான். தை பொறந்து தண்ணி முட்டிக்காலுக்கு எறங்குச்சுன்னா நாரையெல்லாம் வரும். மாசியில சேறு தெரியுமுங்க பாருங்க, அப்பத்தான் இந்தச் சின்னச் சின்னக் குருவியெல்லாம் வந்து எறங்கும்."

"எல்லாக் குளத்துலயும் அப்படித்தானா?"

"கரைய மொட்டையாக் கட்டிப்போட்ட கொளத்துல எங்கீங்க எறங்கும்? அங்க தண்ணி வத்துனாலும் செவுருதான தெரியும்."

எத்தனையோ ஆண்டுகளாகக் கரையில் நின்று நான் கற்றுக்கொண்டதை அவர் மாதக் கணக்கோடு சொல்லிவிட்டார். முதல் நாள் பெரியகுளத்தில் நான் கண்டதற்கும் இதுதான் விடை. குளத்தை ஆழப்படுத்துவதும் கரையைப் பலப்படுத்துவதும் நிலத்தடி நீருக்கு வேண்டியவைதான். ஒரு பக்கமாவது சரிவை நீளமாக, மண்ணாக விட்டுவைத்தால் போதும். தண்ணீர் ஒரு விரல் இறங்கினால் சேறு பத்தடி வெளிப்படும். அந்தப் பத்தடியில்தான் சிறிய உள்ளான்களின் சாப்பாடு இருக்கிறது. செங்குத்தான கரையில் தண்ணீர் ஓர் ஆள் ஆழம் இறங்கினாலும் புதிதாக ஒரு சாண் நிலம்கூடக் கிடைக்காது.

பெரியவர் காட்டிய இடத்தை விட்டு மதியம் வரை நகரவே இல்லை. மூன்று மணி நேரத்தில் நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது. மஞ்சள் மூக்கு நாரைகள் 31, முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று, அலகைத் திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு ஒரு காலால் சேற்றைக் கிளறின. மீன் அலகில் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்ளும். கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. கலங்கின தண்ணீரும் அதற்கு ஒரு பொருட்டில்லை. நத்தை குத்தி நாரைகள் 17. இவற்றின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருக்கும், நத்தையின் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுக்க வசதியாக. கரை ஓரமாக அரிவாள் மூக்கன்கள். ஆகாயத்தாமரை இலைகள்மேல் நீளவால் இலைக்கோழி 5. இப்போது நீளவால் கிடையாது. வாலும் கரும்பழுப்பு அடிப்பக்கமும் கோடைக்கானவை. குளிர்காலத்தில் கழுத்தோரம் ஒரு பழுப்புக் கோடும் நீண்ட விரல்களும்தான் அடையாளம். நீலத் தாழைக்கோழி சம்புக் குருத்தைப் பிடுங்கி, கிளி மாதிரி ஒரு காலில் பிடித்துக்கொண்டு தின்றது.

இதெல்லாம் உள்ளூர்ப் பறவைகளும் பக்கத்து மாவட்டங்களிலிருந்து தண்ணீரைத் தேடி வருபவையும்தான். குளிர்காலப் பறவை என்றதும் நாம் கடல் கடந்து, மலை கடந்து வருபவற்றையே நினைக்கிறோம். ஒரு நாரைக்கு ஒரு குளம் வற்றினால் அடுத்த குளம், அதுவும் வற்றினால் அதற்கடுத்தது என்று போக இடம் வேண்டும். நொய்யல் குளங்கள் சங்கிலியாக இருப்பது அதற்கும் பயன்படுகிறது. எல்லாம் ஒரே நாளில் நிறைவதில்லை, ஒரே நாளில் வற்றுவதும் இல்லை. ஏதோ ஒரு குளத்தில் எப்போதும் முழங்கால் தண்ணீர் இருக்கும்.

கிளம்பும்போது பெரியவருக்கு நன்றி சொன்னேன். "மாசி கடைசியில வாங்க அம்மிணி, இன்னும் நெறைய இருக்கும்" என்றார்.

நான்காம் நாள், ஜனவரி 25, சனி
சூலூர்

பாப்பாவுக்கு விடுமுறை. அக்கா கட்டிக்கொடுத்த தக்காளிச் சோற்றோடு போனோம். சூலூரில் குளம் இரண்டு, பெரியது ஒன்று, சின்னது ஒன்று. பக்கத்திலேயே விமானப்படைத் தளம். இரண்டு முறை போர் விமானம் எழும்பியபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இன்று நேர் வெயில், தண்ணீர் கண்ணைக் கூசியது, காற்றும் பலமாக இருந்ததால் பறவைகள் ஒதுங்கியே இருந்தன. காலையில் கண்டதில் சொல்லும்படியானது ஊசிவால் வாத்து 11. ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, கழுத்தில் வெள்ளைக்கோடு, வால் ஊசிபோல். அதன் பக்கத்திலேயே நீலச்சிறகிகளும் இருந்தன. இரண்டும் தலைகுப்புறக் கவிழ்ந்து மேயும் வாத்துகள்தான். ஊசிவாலுக்குக் கழுத்து நீளம் என்பதால் இன்னும் ஆழத்தில் இருப்பதை எடுக்க முடியும். நீலச்சிறகி மேலாக இருப்பதைத் தின்னும். ஒரே இடத்தில் சண்டை இல்லாமல் இரண்டு பந்தி.

நீலச்சிறகி ஆண்களில் சிலவற்றுக்குப் புருவத்தில் வெள்ளைக் கோடு வரத் தொடங்கியிருக்கிறது. பனிக்காலத் தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பாக இருக்கும். போகும் நாள் நெருங்க நெருங்க அந்தக் கோடு பளிச்சென்று ஆகும்.

நடுப்பகலில் ஒரு விரால் அடிப்பான் எங்கள் அலுப்பைப் போக்கியது. உயரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, காலை முன்னே நீட்டிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தது. முழுவதும் மூழ்கி, கனத்துப்போய் எழுந்து, நாய் உடம்பை உதறுவது போல ஆகாயத்திலேயே உதறிக்கொண்டது. மீனின் தலை பறக்கும் திசையைப் பார்த்தபடி இருந்தது. பாப்பா கேட்டாள், "சித்தி, மீன ஏன் நேரா வச்சுட்டுப் போகுது?" காற்று தடுக்காமல் இருக்க என்றேன். அதன் காலில் வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பிக்கொள்ள முடியும், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னேன். அதைப் பற்றி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். இதுவரை துணைக்கு வந்தவள், இன்றைக்குத்தான் பறவைக்காக வந்தாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் சூறைக்குருவிகள். இந்தப் பக்கத்தில் சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். உடல் இளஞ்சிவப்பு, தலையும் இறக்கையும் கறுப்பு. மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளி தின்று குஞ்சு வளர்த்துவிட்டு, ஆடி முடிவிலிருந்தே தெற்கே கிளம்பிவிடும். சம்புக் காட்டுக்கு மேல் முதலில் ஐம்பது, பிறகு இருநூறு, அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். மொத்தக் கூட்டமும் துணியை உதறி மடிப்பது போல மடிந்தது, விரிந்தது. கடைசியில் புனல் வழியாக ஊற்றியது போல சம்புக்குள் இறங்கியது. ஒரு நிமிடம் ஒரே கீச்சொலி. அப்புறம் அமைதி.

எண்ணிக்கைக் கட்டத்தில் பாப்பா '2000+' என்று எழுதினாள். பத்துப் பத்தாக ஒரு மூலையை எண்ணி, அந்த மூலை மொத்தக் கூட்டத்தில் எத்தனை பங்கு என்று பார்த்து அவளே பெருக்கினாள். தண்ணீர்க் கட்டத்தை வெறுமையாக விட்டோம்.

ஐந்தாம் நாள், ஜனவரி 26, ஞாயிறு
நஞ்சராயன் குளம், திருப்பூர்

அதிகாலை முதல் பஸ்ஸில் திருப்பூர், அங்கிருந்து ஊத்துக்குளி சாலை. குடியரசு தினம் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு போனார்கள்.

நொய்யலில் சேரும் நல்லாற்றின் தண்ணீர் வந்து தங்கும் குளம் இது. சுமார் 125 ஹெக்டேர். நஞ்சராயன் என்ற அரசன் இதைச் சீரமைத்ததாகச் சொல்கிறார்கள், பெயரும் அதனால் வந்தது. தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பனியன் கம்பெனிகளும் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கிற ஒரு நகரத்தின் ஓரத்தில் இப்படி ஒரு குளம் தப்பிப் பிழைத்து, உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்று பெயர் வாங்கியிருக்கிறது. உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாக விடாமல் எண்ணிப் பதிவு செய்த பட்டியல்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. சிங்காநல்லூர்ப் பெரியவர் கேட்ட கேள்விக்கு இந்தக் குளத்தை நான் காட்டியிருக்கலாம்.

நான் வந்தது வரித்தலை வாத்துகளுக்காக. ஏழு மணிக்குக் குளத்தில் அவை இல்லை. நீலச்சிறகி, தட்டைவாயன், புள்ளிமூக்கு வாத்து எல்லாம் இருந்தன. தட்டைவாயன் கரண்டி போன்ற அலகால் தண்ணீரை உறிஞ்சி, ஓரங்களில் உள்ள சீப்புப் பற்களால் வடிகட்டிக்கொண்டே வட்டமாக நீந்தியது. கருவால் மூக்கன்கள் 12, வயிறு நனையும் தண்ணீரில் நின்று, நீண்ட அலகைக் கண் வரைக்கும் சேற்றில் செருகின. ஈரச் சேறு, விரற்கடை, கணுக்கால், சாண், முழங்கால், கவிழ்ந்து எட்டும் ஆழம், மூழ்கும் ஆழம். என் நோட்டில் உள்ள அத்தனை அளவும் இந்த ஒரு குளத்தின் ஒரே பக்கத்தில் படிப்படியாக இருந்தது. பாப்பாவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் கடைசிப் படியைக் காட்டி, "புல்லு இருக்கே சித்தி, அதுல யாரு?" என்றாள். தண்ணீர் வடிந்த இடத்தில் புதிதாகப் புல் முளைத்திருந்தது. அதில் இரண்டு எருமைகளும் உண்ணிக்கொக்குகளும்தான் அப்போது.

எட்டேமுக்காலுக்கு வடக்கேயிருந்து மூக்கடைத்தாற்போன்ற ஒரு கூப்பாடு கேட்டது. பாப்பாதான் முதலில் பார்த்தாள். கோணல் வரிசையாக, சாம்பல் நிறத்தில், கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தன. இரவில் வயல்வெளிகளில் மேய்ந்துவிட்டுப் பகலில் தங்க வருபவை. ஒரு முறை சுற்றி, காலைத் தொங்கவிட்டு, சரியாக அந்தப் புல்தரையில் இறங்கின. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டை.

திபெத், மங்கோலியா, லடாக்கின் மேட்டு ஏரிகளில் கூடு கட்டும் பறவை. கழுத்தில் மங்கோலியாவில் மாட்டிய வளையத்தோடு இதே இன வாத்துகள் தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கின்றன. கருவி பொருத்திப் பார்த்ததில் இமயத்தைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கு மேலும் ஏறியது தெரிய வந்தது. அந்த உயரத்தில் நமக்கு நான்கு அடி நடக்க மூச்சு முட்டும். இவற்றின் ரத்தம் மெல்லிய காற்றிலிருந்தும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும் தன்மை உடையது. நுரையீரலும் பெரிது. பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் மலையைக் கடக்கின்றன, அப்போது காற்று குளிர்ந்து அடர்ந்து இருக்கும், இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்கும்.

இதையெல்லாம் பாப்பாவிடம் சொல்லவில்லை, அப்புறம் பஸ்ஸில்தான் சொன்னேன். அங்கே பேசத் தோன்றவில்லை. பேரூரில் செய்த தவறு நினைவிருந்ததால் கரையிலேயே, ஒரு வேப்பமரத்தடியில், நிழலோடு நிழலாக உட்கார்ந்துகொண்டோம். எருமை ஒன்று மேய்ந்துகொண்டே வாத்துகளின் நடுவில் போனது. அவை விலகி வழிவிட்டு மறுபடி கூடின. சில தலையை முதுகுச் சிறகுக்குள் செருகித் தூங்கின. ஒன்று மட்டும் கழுத்தை நிமிர்த்தி எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் எண்ணினேன், 37. பாப்பா எண்ணினாள், 39. எருமைக்குப் பின்னால் இருந்தவற்றை நான் விட்டிருக்க வேண்டும், அல்லது அவள் ஒன்றை இரண்டு முறை எண்ணியிருக்க வேண்டும். எருமை நகரட்டும் என்று காத்திருந்தோம். தண்ணீர்க் கட்டத்தில் அவள் 'புல், தண்ணீர் வடிந்து பத்து நாள் இருக்கும்' என்று எழுதினாள். எருமை நகர்ந்தது. நான் இடது பக்கத்திலிருந்தும் அவள் வலது பக்கத்திலிருந்தும் மறுபடி எண்ண ஆரம்பித்தோம்.